கண்மாய் விராலுக்கு எந்த கேஸ்டிங் ராடு: மீடியமா, மீடியம் ஹெவியா, ஹெவியா?

யூடியூப்ல அமெரிக்காக்காரன் டாப்வாட்டர் (தண்ணி மேலயே ஓட விடுற பொய் இரை) ராடுன்னு காட்டுறதும் நம்ம காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துக் கண்மாய்க்குத் தேவைப்படுற ராடும் ஒண்ணு இல்லங்க. ஆன்லைன்ல 'பாஸ் டாப்வாட்டர்'னு தேடி முதல்ல வர்றத வாங்கிட்டு, இதுல விரால் நிக்கவே மாட்டேங்குது அண்ணேன்னு புலம்புற தம்பிங்க நெறைய பேரு இருக்காங்க. அந்த அமெரிக்காக்காரன் சொல்றதுல தப்பில்ல. அவனுக்கு மீனு லார்ஜ்மவுத் பாஸ், தண்ணி தொறந்த தண்ணி, லூர், அதாவது பொய் இரை, வந்து தண்ணிய தெறிக்க விடுற பாப்பர் இல்லன்னா 1939-லேருந்து ஓடிக்கிட்டு இருக்குற ஸாரா ஸ்பூக் மாதிரி டிரெபிள் ஹூக் (மூணு முள்ளு ஒண்ணா சேந்தது) தொங்குற சாமான். அந்த முள்ளு மெல்லிசு, லேசா இழுத்தாலே ஏறிரும், வெறியா சுண்டுனா மீன் வாயிலேருந்து பிச்சுக்கிட்டு வந்துரும், அதனாலதான் அவன் கொஞ்சம் வளைஞ்சு குடுக்குற மீடியம் ராடு, மாடரேட் ஆக்‌ஷன்னு சொல்றான்.

நம்ம கண்மாய்ல பாதி தண்ணி ஆகாயத்தாமரைக்கு அடியில கெடக்கு, மீதில அல்லி, நடுவுல முங்கி நிக்கிற கருவ மரம். டிரெபிள் போட்டா மீனுக்கு முன்னாடி செடிதான் கடிக்கும். அதனால நமக்கு டாப்வாட்டர்னா ரப்பர் ஃபிராக், அதாவது ரப்பர் தவளை, ரெண்டு முள்ளும் முதுகோட ஒட்டி மேல பாத்து இருக்குமே அதுதான். விரால் வாய் இறுக்கமான வாய், முள்ளும் தடிமன், ரப்பர அமுக்கித்தான் முள்ளு வெளிய வரணும், இத்தனையும் நடக்கணும்னா ராடுக்கு முதுகெலும்பு வேணும்.

சரி, மூணு ராடையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். மீடியம், ஹெவிங்கிறது ராடோட வெறைப்பு. 6 அடி 6 இன்ச் மீடியம், 7 அடி மீடியம் ஹெவி, 7 அடி 3 இன்ச்சோ அதுக்கு மேலயோ உள்ள ஹெவி.

மீடியம் ராடுல வீசக்கூடிய லூர் எடை பெரும்பாலும் கால் அவுன்ஸ்லேருந்து அரைக்கு கொஞ்சம் மேல, அதாவது 7 கிராம்லேருந்து 18 கிராம் வரைக்கும்னு எழுதியிருக்கும். நம்ம கடையில கெடைக்கிற சின்ன ஃபிராக்க அழகா வீசும், சுகமா இருக்கும், கை வலிக்காது. ஆனா விரால் அடிச்சு அதே வேகத்துல தாமரைக்குள்ள தலைய விட்டுச்சுன்னா ராடு பாதி வரைக்கும் வளைஞ்சு நிக்கும், நீங்க சுண்டுன வேகம் பூரா அந்த வளைவுலயே போயிரும், முள்ளுக்குப் போய்ச் சேராது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் புதுசா ரொம்பி, செடி இன்னும் மூடாம இருக்குற கண்மாய்ல பாப்பர் போடணும்னா இதவிட நல்லது இல்ல, அதுக்கு மோனோ (ஒத்த இழை நைலான்) நரம்பு கட்டுங்க, மோனோ சட்டுன்னு முங்காது. ஃப்ளோரோகார்பன் நரம்பு முங்கி பாப்பரோட மூக்க தண்ணிக்குள்ள இழுத்துரும்.

ஹெவி ராடுக்கு ஆசப்படுறவங்கதான் அதிகம், பெரிய மீனுக்குப் பெரிய ராடுன்னு ஒரு நெனப்பு. உலக ரெக்கார்டு பாஸே 22 பவுண்டு 4 அவுன்ஸ், சுமார் 10 கிலோ, 1932-ல ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரி புடிச்சது, 2009-ல ஜப்பான் பிவா ஏரியில மனாபு குரிட்டா புடிச்சது அதுக்குச் சமம்னு வச்சிருக்காங்க. நம்ம விரால் ரெண்டு கிலோ வந்தாலே ஊரே பாக்கும். அங்கயும் ஹெவி ராடு மீன் எடைக்காக இல்ல, மீனோட சேந்து வர்ற செடி எடைக்காக. நியாயமான காரணந்தான், ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஹெவி ராடுல அரை அவுன்ஸ்லேருந்து ஒன்றரை, ரெண்டு அவுன்ஸ்னு போட்டிருக்கும், அதாவது 14 கிராம்ல ஆரம்பிக்குது. நீங்க கட்டுறது 10 கிராம் ஃபிராக். வீசுறப்ப லூர் எடைக்கு ராடு பின்னாடி வளைஞ்சு நிமிந்தாத்தான் தூரம் போகும், இது உலக்கை மாதிரி நிக்கும், தூரம் போகலையேன்னு நீங்க கைய வேகமா விசுறுவீங்க, ரீல் ஸ்பூல் லூரவிட வேகமா சுத்தும், அப்புறம் கரையில உக்காந்து பேக்லாஷ், அதாவது ரீல்ல நரம்பு சிக்குனத, பிரிக்க வேண்டியதுதான், அதுக்குள்ள பொழுது ஏறிரும்.

அதனால என் ஓட்டு 7 அடி மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன். நுனி மட்டும் வளையும், அதுக்குக் கீழ வெறைப்பு. 7 லேருந்து 28 கிராம்னு போட்டிருக்குறதப் பாத்து எடுங்க, 10 லேருந்துன்னா சின்ன ஃபிராக்குக்கு கொஞ்சம் இழுபறி. நரம்பு 40 இல்லன்னா 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு). ராடுல நரம்பு 10-20 பவுண்டுதான போட்டிருக்கு, ஒடஞ்சுருமான்னு கேப்பீங்க. அது மோனோ கணக்கு. 40 பவுண்டு பிரெய்டு தடிமன்ல 10 பவுண்டு மோனோ அளவுதான் இருக்கும், வளையத்துல தாராளமா ஓடும். ஆனா ரீல் டிராக்க (மீன் இழுத்தா நரம்ப விட்டுக் குடுக்குறது) முழுசா இறுக்கிட்டு செடியில மாட்டுனத ராடாலயே நெம்பாதீங்க, ராடத் தாழ்த்தி நரம்பு நேர இழுங்க.

நீளத்துல இன்னொரு விஷயம். கண்மாய்க் கரை ஒசரம், மேல நின்னு வீசுறோம், அதனால 7 அடி ராடு நுனி தண்ணிய தொடாது, ஃபிராக்க இடம் வலம்னு ஆட்டி நடக்க விட வசதி. கரைக்குக் கீழ எறங்கி, பின்னாடி சீமைக்கருவ முள்ளு முதுகக் குத்துற மாதிரி நிக்கிற எடமா இருந்தா 6 அடி 6 இன்ச்தான் சுத்தும்.

ஒத்த பீஸா ரெண்டு பீஸான்னு கேட்டா, ஒத்த பீஸ் நல்லதுதான், கார் வச்சிருக்கிறவங்களுக்கு. டிவிஎஸ் எக்ஸெல்ல போறவங்க ரெண்டு பீஸே எடுங்க, 7 அடி ராட வண்டியில நெட்டுக்க நட்டுக்கிட்டு வேப்ப மரத்தடியில போனா நுனி போச்சு. இதுல வெளையாட்டு இல்லாத விஷயம் ஒண்ணு, கார்பன் ராடு கரண்ட கடத்தும். கண்மாய்க்குக் குறுக்க, வயக்காட்டு மோட்டாருக்குத் தாழப் போற ஈபி ஒயர் நம்ம பக்கம் சகஜம், அண்ணாந்து பாத்துட்டு வீசுங்க, மழ இடின்னா சுருட்டிட்டுக் கெளம்புங்க. முழு ஃபைபர்கிளாஸ் ராடு அடி தாங்கும், வெல கம்மி, ஆனா காலையிலேருந்து ஃபிராக் ஆட்டுனா மணிக்கட்டு போயிரும்.

கைப்பிடி கார்க்கா ஈவிஏ ஃபோமாங்கிறது அவங்கவங்க இஷ்டம். ரீல் அடியில தொங்குற ஸ்பின்னிங் ராடு போதாதான்னா, 7 கிராமுக்குக் கீழ வீசுறவங்களுக்கு அதுதான் சரி, செடிக்குள்ளேருந்து இழுக்குறதுக்கு ரீல் மேல உக்கார்ற கேஸ்டிங்தான் கைக்கு அடங்கும்.

கண்மாய் ஏலம் எடுத்தவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க. செவப்பா குஞ்சுக் கூட்டம் மேல வந்து வந்து போச்சுன்னா தாய் விரால் கீழதான் நிக்கிது, ஃபிராக் போட்டா கண்டிப்பா அடிக்கும், அங்க மட்டும் போடாதீங்க. வேட்டங்குடி பறவைகள் சரணாலயக் கண்மாய் பக்கம் ராடே வேண்டாம்.

கடையில பில் போடுறதுக்கு முன்னாடி, காது கொடையிற பஞ்சுக் குச்சிய ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டு ஒரு சுத்து சுத்துங்க. பஞ்சு இழை மாட்டுச்சுன்னா உள்ள கீறல் இருக்கு, பிரெய்ட அறுத்துரும், வேற பீஸ் எடுத்துக் குடுங்கன்னு கேளுங்க. முக்கியமா நுனி வளையம்.