ஹைத்தியா, நேபாளமா: ஏழு மார்க்குக்கு எந்த நிலநடுக்கம்?

எட்டு வருடமாக வீட்டில் வைத்து ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு நிலையில் எழுதும் சர்வதேசத் தேர்வு) புவியியல் டியூஷன் எடுக்கிறேன். வருடத்துக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான், எங்கள் வீட்டுக் கூடத்தில் அதற்கு மேல் உட்கார இடமில்லை. முதல் நான்கு வருடம் நிலநடுக்கம் என்றால் ஹைத்தி 2010 சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் நேபாளம் 2015-க்கு மாறிவிட்டேன். போன வாரம் ஒரு பையனின் அம்மா, "அவங்க அண்ணனுக்கு ஹைத்திதானே எடுத்தீங்க, அந்த நோட்ஸே போதாதா மிஸ்?" என்று கேட்டார். போதாது என்று சொல்லிவிட்டேனே தவிர, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் காரணத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பாடத்திட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தாளில் ஒவ்வொரு பெரிய கேள்வியும் கடைசியில் ஒரு கேஸ் ஸ்டடியில், அதாவது நிஜமான ஓர் இடத்தையோ நிகழ்வையோ எடுத்து விளக்குவதில், வந்து நிற்கும், ஏழு மார்க். "வீடுகள் இடிந்தன, மக்கள் இறந்தனர், உதவி வந்தது" என்று எழுதினால் எந்த ஊர் நிலநடுக்கத்துக்கும் அது பொருந்தும், அதனால் முழு மார்க் வராது. அந்த இடத்துக்கே உரிய விவரம் வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை நீட்டவில்லை. இரண்டும் ஏழை நாடு, இரண்டிலும் பூமிக்கு அடியில் அதிக ஆழமில்லாமல் உடைந்தது, இரண்டுக்கும் படமும் வீடியோவும் கொட்டிக் கிடக்கின்றன. ஜப்பான் 2011-ஐ நான் பணக்கார நாட்டு உதாரணமாக மட்டும் வைத்திருக்கிறேன். அதை முதன்மையாக எடுத்தால் பிள்ளைகள் சுனாமியையும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நிலநடுக்கத்தையே மறந்துவிடுகிறார்கள்.

ஹைத்தியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2010 ஜனவரி 12, மாலை 4.53, ரிக்டர் என்று பிள்ளைகள் இன்னமும் எழுதுகிற அந்த அளவு 7.0, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து 25 கிலோமீட்டர்தான் தூரம், ஆழம் வெறும் 13 கிலோமீட்டர். அதிபர் மாளிகையே உட்கார்ந்துவிட்டது, துறைமுகத்துக் கிரேன்கள் தண்ணீரில் சாய்ந்தன, ஐ.நா. அலுவலகம் இடிந்து அதன் தலைவரும் இறந்தார். உதவி செய்ய வேண்டியவர்களே இடிபாட்டுக்குள் என்று சொன்னால் வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. அடுத்த ஒன்றரை மாதத்தில் சிலியில் 8.8. ஹைத்தியைப் போல ஐநூறு மடங்கு ஆற்றல், ஆனால் இறந்தவர்கள் சுமார் 525 பேர். கட்டட விதி இருக்கிற நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு ஜோடியே புரியவைத்துவிடும். இதில் நேபாளம் ஹைத்தியோடு போட்டி போடவே முடியாது.

பிறகு ஏன் மாறினேன்? பராமரிப்புச் செலவுதான் காரணம். கேஸ் ஸ்டடிக்கு ஏது பராமரிப்பு என்று தோன்றலாம். பழைய ஸ்கூட்டர் மாதிரிதான் அதுவும், வாங்கும்போது தெரியாது, வருடா வருடம் எவ்வளவு வேலை வைக்கிறது என்பது வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

முதலில் இறப்பு எண்ணிக்கை. ஹைத்தி அரசு ஆரம்பத்தில் 2,30,000 என்றது, ஓராண்டு நினைவு நாளில் 3,16,000 என்றது. 2011-இல் அமெரிக்க உதவி நிறுவனத்துக்காகத் தயாரித்த ஓர் அறிக்கை வெளியே கசிந்தது; அதில் 46,000-இலிருந்து 85,000 வரைதான். எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் வேறு ஒரு எண். ஒவ்வொரு பேட்சிலும் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "மிஸ், ஸ்கூல்ல வேற நம்பர் சொன்னாங்க, எதை எழுதறது?" என்று கேட்கும். எண்ணிக்கை ஏன் இப்படி அலைகிறது என்பதே ஒரு நல்ல பாடம், ஒப்புக்கொள்கிறேன், பெரிய குழிகளில் மொத்தமாகப் புதைத்த நாட்டில் யார் உட்கார்ந்து எண்ணியிருப்பார்கள்? ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தேர்வு அறையில் அந்தச் சந்தேகம் உதவாது. பேனாவைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் போய்விடும்.

இரண்டாவது, நிலநடுக்கத்தின் காரணம். பழைய புத்தகங்களில் பூமியின் மேலோட்டுத் துண்டுகளான கரீபியன் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் பக்கவாட்டில் உரசும் ஒரு பிளவின் பெயரைப் போட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். பிறகு போய் ஆராய்ந்தவர்களுக்கு அந்தப் பிளவில் தரை கிழிந்த தடமே கிடைக்கவில்லை. மண்ணுக்குள் மறைந்திருந்த இன்னொரு பிளவுதான் பெரும்பாலும் நகர்ந்தது என்றார்கள். நோட்ஸைத் திருத்தினேன். மூன்றாவது, 2021 ஆகஸ்ட் 14 அன்று அதே நாட்டில் 7.2 அளவில் இன்னொரு நிலநடுக்கம், இரண்டாயிரத்துக்கும் மேல் சாவு. இணையத்தில் தேடிப் படிக்கிற பிள்ளை இரண்டையும் கலந்து ஒரே பதிலில் எழுதி வந்தது. மறுபடி திருத்தினேன். கடைசியாக, நீண்டகால நடவடிக்கை. அதிபர் கொலை, தலைநகரில் ஆயுதக் கும்பல்களின் பிடி என்று நாடே வேறு பாதையில் போய்விட்ட பிறகு "மறுகட்டுமானம் எப்படி நடந்தது" என்ற கேள்விக்கு ஒரு முடிவான பத்தி எழுதவே வழியில்லை. 2021 கோடையில் மூன்றாவது முறையாக நோட்ஸை அடித்துத் திருத்தியபோதுதான், இது ஆகாது என்று முடிவு செய்தேன்.

நேபாளக் கதைக்கு ஆரம்பமும் நடுவும் முடிவும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25, காலை 11.56, அளவு 7.8. மே 12 அன்று 7.3 அளவில் பெரிய பின்னதிர்வு. இரண்டும் சேர்ந்து சுமார் 9,000 சாவு, ஏறக்குறைய 22,000 பேருக்குக் காயம், ஐந்து லட்சம் வீடுகள் தரைமட்டம், இழப்பு சுமார் 700 கோடி டாலர், அதாவது நாட்டின் ஆண்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு. எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் இந்த எண்கள் அக்கம்பக்கத்திலேயே நிற்கின்றன. மறுகட்டுமானத்துக்கென்றே ஓர் ஆணையம் 2015 டிசம்பரில் வந்தது, வீட்டுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாய் என்று மூன்று தவணையாகக் கொடுத்தது. அடித்தளம் விதிப்படி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. 2021 டிசம்பரில் ஆணையம் கடையைக் கட்டியது. காத்மாண்டுவில் இடிந்து விழுந்த தரஹரா கோபுரத்துக்குப் பதிலாகப் புதுக் கோபுரத்தை 2021-இல் திறந்தார்கள். இந்தப் பத்தியை நான் நான்கு வருடமாகத் தொடவே இல்லை.

சரி, பராமரிப்பு குறைவு என்பது எனக்கு லாபம், பிள்ளைக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். மனப்பாடம் குறைகிறது. நேபாளத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு 'ஏன்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று சனிக்கிழமை, அங்கே அதுதான் விடுமுறை. ஆயிரக்கணக்கான பள்ளிகள் சேதமாகியும் வகுப்பில் பிள்ளைகள் இல்லை. நேரம் நண்பகல், மலைக் கிராமங்களில் நிறையப் பேர் வயலில். இதே இரவு என்றால் கணக்கே வேறு. இன்னொன்று, நான் ஒவ்வொரு வருடமும் ஆசையாகச் சொல்வது: நிலநடுக்க மையம் கோர்க்கா மாவட்டத்தில், அங்கே இறந்தவர்கள் ஐந்நூறுக்கும் குறைவு. சிந்துபால்சோக்கில் 3,400-க்கு மேல். மையத்தில் குறைவு, தள்ளி இருக்கிற மாவட்டத்தில் அதிகம், அது எப்படி? உடைப்பு கோர்க்காவில் தொடங்கித் துணி கிழிகிற மாதிரி கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது, அதுதான். வரைபடத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினால் போதும், பிறகு யாரும் மறப்பதில்லை. காத்மாண்டு பள்ளத்தாக்கு பழைய ஏரிப் படுகை, அந்த மண் மெதுவாக, நீளமாக ஆடியது, அதில் உயரமான தரஹரா போயிற்று, பல குட்டை வீடுகள் தப்பின. அப்போது நாட்டில் சர்வதேச விமான நிலையம் ஒன்றுதான், அதில் ஓடுபாதையும் ஒன்றுதான், அதுவும் விரிசல் விட்டதால் பெரிய சரக்கு விமானங்களைத் திருப்பி அனுப்பினார்கள். உதவி ஏன் தாமதமானது என்ற கேள்விக்கு இந்த ஒரு வரி போதும்.

அப்புறம், ஒரே நாடு மூன்று பாடத்துக்குப் பயன்படுகிறது. தட்டுகள் மோதி மடிந்த மலை, தெற்கே தெராய்ச் சமவெளியிலிருந்து எவரெஸ்டின் 8,848.86 மீட்டர் வரை ஏறும் நிலம், லாங்டாங் கிராமத்தையே மூடிய சரிவு, பனி உருகித் தேங்கும் ஏரிகள் எல்லாம் நில அமைப்புப் பாடத்தில் வந்துவிடும். இம்ஜா ஏரியின் நீர்மட்டத்தை 2016-இல் கால்வாய் வெட்டி மூன்று மீட்டருக்கு மேல் இறக்கியதைச் சொன்னால் ஆபத்து மேலாண்மையும் அதோடு முடிந்தது. பொருளாதார வளர்ச்சிக்கு, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம் ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு. சுற்றுலாப் பயணிகள் 2014-இல் 7.9 லட்சம், 2015-இல் 5.4 லட்சம். ஒரு பேரிடர் வளர்ச்சியை எப்படிக் கடிக்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

பராமரிப்பு என்று பார்த்தால் பொருளாதாரக் கேஸ் ஸ்டடிகள்தான் மகா மோசம். நைஜீரியா 2014-இல் கணக்கிடும் முறையை மாற்றியதும் ஒரே நாளில் பொருளாதாரம் 89 சதவீதம் பெரிதாகி ஆப்பிரிக்காவில் முதலிடம் பிடித்தது. இப்போது அந்த முதலிடம் அதனிடம் இல்லை. நிறையப் பிள்ளைகளின் நோட்டில் மட்டும் இன்னும் இருக்கிறது.

நேபாளத்தின் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். எவரெஸ்ட் அடிவார முகாமில் பனிச்சரிவு என்று சொன்ன நிமிடமே பையன்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள், பதிலில் பாதி அதுவாகத்தான் இருக்கும். இரண்டு அதிர்வுகளின் தேதியையும் அளவையும் மாற்றி எழுதுவது சகஜம். சிந்துபால்சோக்கை எழுத்துப்பிழை இல்லாமல் எழுத இரண்டு வாரம் ஆகும். 2023 நவம்பரில் அதே நாட்டின் ஜாஜர்கோட்டில் வந்த நிலநடுக்கம் தனி, அளவில் சிறியது என்பதால் இதுவரை யாரும் குழம்பவில்லை.

ஏன் நம்ம நாட்டு பூஜ் 2001 இல்லை என்று சில அப்பாக்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. குடியரசு தினக் காலை, பிறகு கட்ச் பகுதிக்கு வரிச்சலுகை கொடுத்து ஆலைகளை வரவழைத்தது என்று அதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் ஒரு பேட்சுக்குக்கூட அதை எடுத்துப் பார்க்காததால் நன்றாக வரும், வராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதேபோல ஏ லெவல் (பன்னிரண்டாம் வகுப்பு நிலை) பிள்ளைகள் எனக்கு இதுவரை இரண்டே பேர். அந்த நிலையில் எண்கள் ஏன் மாறுபடுகின்றன என்று அலசவே மார்க் உண்டு என்பதால், அங்கே ஹைத்தி முந்திக்கொள்ளலாம் என்பது என் ஊகம்.

ஹைத்தி ஃபைலைத் தூக்கிப் போடவும் இல்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு 2010 அக்டோபரில் அங்கே காலரா பரவிச் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். கிருமி வந்தது ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவுநீர் வழியாக, அந்த முகாமில் இருந்தவர்கள் நேபாள வீரர்கள். என் இரண்டு கேஸ் ஸ்டடியும் இப்படி ஒரு இடத்தில் முட்டிக்கொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை. இந்த ஒரு பக்கத்தை மட்டும் எல்லா பேட்சுக்கும் கொடுக்கிறேன்.

ஜூனில் சேரப்போகிற ஆறு பேரில் ஐந்து பேருக்கு நேபாளம்தான். ஒரு பெண் மட்டும் பள்ளியிலேயே ஹைத்தியை முழுசாக முடித்துவிட்டு வருகிறாள். அவளை மாற்றப்போவதில்லை. இறப்பு எண்ணிக்கைக்கு மட்டும் "இரண்டு லட்சத்துக்கு மேல் என்று அரசு சொன்னது" என்று ஒரே வாக்கியமாக எழுதப் பழக்கிவிட்டால் போதும்.