ஹான்னஸா, ரூனார் அலெக்ஸா?

ஐஸ்லாந்து கோல்கீப்பர்களில் நாடு நாடாகச் சுற்றியவர்கள் என்றால் எனக்கு இந்த ரெண்டு பேர்தான். ரூனார் அலெக்ஸ் ரூனார்சன் போன இடமெல்லாம் பளபளப்பு: டென்மார்க், பிரான்ஸில் டிஜோன், 2020-ல் இங்கிலாந்தின் ஆர்சனல், அப்புறம் லோனில் (தற்காலிக இரவலாக) பெல்ஜியம், துருக்கி, வேல்ஸின் கார்டிஃப். ஆனால் 2020 டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியுடன் ஆர்சனல் ஆடிய லீக் கோப்பை ஆட்டத்தில் சிட்டி வீரர் மாரேஸின் ஃப்ரீ கிக் கையிலிருந்து நழுவி வலைக்குள் போனதைத்தான் பலரும் சொல்கிறார்கள், பாவம்.

ஹான்னஸ் ஹால்டோர்சன் நார்வே, நெதர்லாந்து, டென்மார்க், அஜர்பைஜான் என்று அதிகம் பேசப்படாத கிளப்களில் ஆடியவர், நடுவில் விளம்பரப் படமும் இயக்கினார் (யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் 2012-க்கான ஐஸ்லாந்தின் பாட்டு வீடியோகூட இவருடையதுதான்). 2018 உலகக் கோப்பையில் மெஸ்ஸியின் பழைய பெனால்டிகளையெல்லாம் பார்த்துத் தயாராகி வந்து, வலப்பக்கம் பாய்ந்து அவருடைய பெனால்டியைத் தடுத்தார், அர்ஜென்டினாவுடனான அந்த ஆட்டம் 1-1. என் ஓட்டு ஹான்னஸுக்கே.