பப்பெயின் தூள்: மெல்லிய துண்டுக்கு வாங்கலாம், பருமனான துண்டுக்கு வேண்டாம்

இறைச்சியை மென்மையாக்க விற்கப்படும் தூள்கள் பலவற்றில் உண்மையில் வேலை செய்வது பப்பெயின். பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலில் உள்ள நொதி இது. புரதச் சங்கிலியை வெட்டும்.

உப்பு கலந்த தூளே புதியவர்களுக்கு ஏற்றது. அரைக் கிலோ இறைச்சிக்கு ஒரு தேக்கரண்டி, தலைதட்டி. தனியாக உப்புப் போட வேண்டாம். சுத்தப் பப்பெயினில் இந்த அளவு செல்லாது. அதன் வீரியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். நொதியின் செயல்திறன் எத்தனை அலகு என்று உறையில் அச்சிடாத சுத்தத் தூளை வாங்காதீர்கள்.

பலரும் தவறுவது வெப்பத்தில்தான். குளிர்பெட்டியில் இரவு முழுக்க ஊறவைத்தாலும் பப்பெயின் பெரிதாக எதுவும் செய்யாது. அடுப்பில் ஏறி 50 டிகிரி செல்சியஸைக் கடந்த பிறகே வேகம் பிடிக்கும். 60 முதல் 70 வரை உச்சம். 80-ஐத் தாண்டினால்தான் அடங்கும். ஆகவே, உள்ளே முழுதாக வேகாத துண்டை இளஞ்சூட்டில் வைத்திருந்தால் வெட்டு நிற்காது, பரிமாறும்போது மாவாகியிருக்கும். சமைத்ததும் பரிமாறிவிடுங்கள்.

தூள் தானாக ஆழத்துக்கு இறங்காது. பருமனான துண்டில் மேற்புறம் குழைந்து, நடு அப்படியே விறைப்பாக நிற்பது இதனால்தான். முள்கரண்டியால் குத்தினால் ஓரளவு உள்ளே போகும், அவ்வளவே. தசை இழை, அதைப் பிணைக்கும் இணைப்புத்திசு என்று பப்பெயின் பேதம் பார்ப்பதில்லை, இரண்டையும் வெட்டும். ஆகவே, ஏற்கெனவே மென்மையான மீனுக்கும் ஈரலுக்கும் தொடவே வேண்டாம்.

பழைய தூளில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஜெலட்டினைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் சிட்டிகைத் தூளைக் கலக்கி, கால் மணி நேரம் கழித்து இரண்டையும் குளிரவையுங்கள். தூள் கலந்தது உறையாவிட்டால் நொதி நன்றாக இருக்கிறது. கடற்பாசியில் எடுக்கும் அகரில் செய்தால் பலிக்காது, ஜெலட்டினைப் போல அது புரதம் அல்ல.

காற்றும் ஈரமும் வீரியத்தைக் குறைக்கும். இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சுத்தத் தூளைக் கொட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அதன் தூசி ஆஸ்துமாவைத் தூண்டும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்குச் சமைக்கும்போது இதைத் தவிர்த்துவிடுங்கள்.