கிளிநொச்சியின் உளவளத்துணை நிலையம் ஒன்றில் எங்கள் நான்கு அமர்வுகள்

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு வட்சப்பில் பாடங்கள் வரத் தொடங்கியபோது நாங்களே மகனின் கையில் கொடுத்த கைத்தொலைபேசி, சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய இந்த வருடம் அவனை இரவு இரண்டு மணி வரை விளையாடிக்கொண்டு விழித்திருக்க வைத்தது. பறித்து வைத்தோம், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அதன்பின்னரே ஏ9 வீதிக்கு அருகிலுள்ள இந்தத் தனியார் நிலையத்திற்கு அவனை அழைத்துச் சென்றேன்.

அவனுக்கு 13 வயதில் தங்கை இருக்கிறாள். அதே வீடு, அதே டேட்டா. ஆனால் கூப்பிட்டவுடன் அவள் தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பி வருவாள். இந்த வேறுபாட்டை நாங்கள் வளர்ப்பின் குறையாகவே எண்ணியிருந்தோம். எளிதில் பதகளிப்படைகின்ற, மனம் அடிக்கடி தளம்புகின்ற பிள்ளைகளிடம் இணையப் பிடிப்பு கூடுதலாகவும், ஒழுங்குணர்வு மிக்க பிள்ளைகளிடம் குறைவாகவும் காணப்படுவதை ஆய்வுகள் பல காட்டியிருப்பதாக உளவளத்துணையாளர் விளக்கினார். ஆயினும் சுபாவம் பிள்ளையின் தலைவிதி அல்ல என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

இரண்டாவது அமர்வில் என் முன்னிலையில் நடந்த உரையாடலை என்னால் மறக்க முடியவில்லை.

"விளையாட்டில தோத்தா என்ன நடக்கும், தம்பி?"

"திரும்பத் தொடங்கலாம், மிஸ்."

"வகுப்பில பிழை விட்டா?"

அவன் பதில் சொல்லவில்லை. கணித பாட வேளையில் எழுப்பிக் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்துடனேயே அவன் ஒவ்வொரு நாளும் பாடசாலைக்குப் போயிருக்கிறான் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதற்குப் பிறகு, செய்த கணக்கை அம்மப்பாவுக்கு வாய்விட்டு விளக்குவதும், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியை விறாந்தையில் சார்ஜில் போடுவதும் அவன் சம்மதத்துடனேயே தீர்மானிக்கப்பட்டன.

குறையையும் சொல்ல வேண்டும். இணையப் பிடிப்பை அளப்பதற்கென்று அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998 இல் வெளியிட்ட 20 கேள்விகள் கொண்ட படிவத்தை மாற்றமின்றிக் கொடுத்தார்கள். துணையுடனான நெருக்கத்தை விட இணையம் பிடித்திருக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. 15 வயதுப் பிள்ளை அதை வாசித்துக் கூசிப்போனான். பிள்ளைகளுக்கென்று அதைத் திருத்தியே கொடுக்க வேண்டும். அவன் பெற்ற 67 புள்ளிகளைக் கண்டு நான் கலங்கியபோது, அது நோய் நிர்ணயம் அல்ல என்று உளவளத்துணையாளர் தெளிவுபடுத்தியது நல்லது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இணையப் பிடிப்பு தனி நோயாக இல்லை, டிஜிட்டல் விளையாட்டுகள் சார்ந்த விளையாட்டுப் பிறழ்வே இடம்பெற்றிருக்கிறது என்றும், அதற்கும் பொதுவாக 12 மாதங்களாவது நீடித்த பாதிப்பு தேவை என்றும் அவர் கூறினார்.

அமர்வுகள் சனிக்கிழமை காலையில் மட்டுமே நடக்கின்றன. ரியூசனைத் தவறவிட்டு வருகிற பிள்ளைக்கு அதுவே இன்னொரு பதகளிப்பாகிவிடுகிறது. புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்கோ ஒரு நாளே போய்விடும். நேரில் வர இயலாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துப் பேசலாம்.

மகன் இப்போதும் விளையாடுகிறான், ஆனால் பத்து மணிக்கு மேல் இல்லை. இங்கே வருவதானால் முதல் அமர்வுக்கே தாய், தகப்பன் இருவரும் வாருங்கள். என் கணவர் மூன்றாவது அமர்வுக்குத்தான் வந்தார். மகனின் பயத்தை அவர் அறிய அவ்வளவு நாள் பிந்தியது.