4கே மாஸ்டரா, முழு மூலமுமா? விஞ்ஞானப் புனைகதைத் தொடர் எடுப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு விஞ்ஞானப் புனைகதைத் தொடர் எடுக்கிறோம் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன கமெரா?" என்பதைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. இருபது வருடம் கழித்து, அப்போது இருக்கப்போகிற திரையிலும் இதைப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கையில் இருக்கிற காசை எதில் போடுவது? எங்கள் குழு ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது, அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, படப்பிடிப்பு, கிராபிக்ஸ், மாஸ்டர் எனப்படும் இறுதிப் பிரதி எல்லாமே 4கே. காசு அதிலேயே முடிந்துவிடும், எனவே மாஸ்டரை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மற்றதை அழித்து டிஸ்கை அடுத்த அத்தியாயத்துக்கு எடுக்க வேண்டும். இரண்டாவது, கமெராவில் 4கே, ஆனால் கிராபிக்ஸும் மாஸ்டரும் எச்.டி. மிஞ்சுகிற காசில் கமெராக் கோப்புகள், கிராபிக்ஸ் அடுக்குகள் (ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்கும் தனித்தனிப் படங்கள்), அவற்றைச் செய்த புரொஜெக்ட் கோப்புகள் என மூலம் முழுவதையும் ஒன்று விடாமல் வைத்திருப்பது. மூன்றாவது, எல்லாவற்றையும் எச்.டி.யில் முடித்துவிட்டு, பிறகு ஏஐ பெரிதாக்கித் தரும் என்று விட்டுவிடுவது. நாங்கள் எடுத்தது இரண்டாவது.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முகங்களை ஏஐ நன்றாகவே பெரிதாக்குகிறது. பனை ஓலையைக் கொடுத்துப் பாருங்கள். மணற்காட்டு மணல் மேடுகளை வேற்றுக்கோளாகக் காட்டி எடுத்த ஒரு காட்சியில் பின்னணியில் வடலிகள் காற்றில் ஆடும். பெரிதாக்கியபோது ஓலைகள் ஒரு பிரேமில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அடுத்த பிரேமில் பிரிந்தன, மணலில் காற்று போட்ட வரிகள் மெழுகு பூசினது போல ஆகிவிட்டன. இந்தக் கருவிகள் வருடா வருடம் முன்னேறுகின்றன என்பது உண்மை, ஆனால் நாளைக்கு வரப்போகிற நல்ல கருவிக்கும் கொடுக்க நல்ல மூலம் வேண்டும்.

4கே மாஸ்டர் கூர்மையானது, அதில் விவாதமே இல்லை. நெட்பிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தயாரிப்புகளுக்கு 4கே கேட்கின்றன. அப்படி ஓர் ஒப்பந்தம் கையில் இருந்தால் முதலாவது வழியில் போங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். எங்களிடம் அது இல்லை. 4கே என்றால் எச்.டி.யைப் போல நான்கு மடங்கு பிக்சல், கிட்டத்தட்ட நான்கு மடங்கு ரெண்டர் நேரம் (கணினி படத்தை உருவாக்கி முடிக்கிற நேரம்), அவ்வளவு நேரமும் ஓடுகிற கரண்ட். கிராபிக்ஸுக்குப் பயன்படும் ஈ.எக்ஸ்.ஆர். என்ற படக் கோப்பு வகையில், சுருக்காத அரை மிதவை (ஒரு நிறத்துக்கு 16 பிட்) பிரேம் ஒன்று எச்.டி.யில் ஏறக்குறைய 12 மெகாபைட், 4கே.யில் 50. இது ஒரே ஓர் அடுக்குக்கு. விண்கலம், நிழல், புகை, ஒளிவட்டம் என்று அடுக்கு அடுக்காக வைத்தால் சின்னக் குழு ஒன்றினால் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, எதையாவது அழித்தே ஆக வேண்டும். அழிக்கப்படுவது எப்போதும் மூலம்தான்.

மூலத்தை அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு முன்னால் போனவர்களின் அனுபவம் இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் 1987 முதல் 1994 வரை வந்தது. எடுத்தது 35 மி.மீ. பிலிமில், வெட்டி ஒட்டியதும் கிராபிக்ஸை இணைத்ததும் வீடியோ டேப்பில். அதாவது மாஸ்டர் மங்கலான வீடியோ. ஆனால் பிலிம் சுருள்கள் காக்கப்பட்டிருந்தன, விண்கலங்களும் பெரும்பாலும் கையால் செய்து பிலிமில் பிடித்த சிறு மாதிரிகள். அதனால் 2012க்கும் 2014க்கும் இடையில் சுருள்களை மறுபடி ஸ்கேன் செய்து, ஒவ்வொரு வெட்டையும் திரும்ப வெட்டி, கிராபிக்ஸ் அடுக்குகளைத் திரும்ப இணைத்து ஏழு பருவங்களையும் புளூரேயில் கொண்டுவந்தார்கள். கிடைக்காமல் போன ஒருசில துண்டுகளுக்கு மட்டும்தான் பழைய வீடியோவைப் பெரிதாக்கினார்கள்.

'பாபிலோன் 5' என்ற இன்னோர் அமெரிக்க விண்வெளித் தொடர் முன்யோசனையில் அதைவிட ஒரு படி மேலே இருந்தது. அகலத்திரை வரும் என்று தெரிந்தே நடிகர்களின் காட்சிகளை அதற்கு ஏற்றவாறு பிலிமில் எடுத்தார்கள். விண்வெளிக் காட்சிகள் முழுக்கக் கணினியில், தொடக்கத்தில் அமிகா கணினிகளில், அன்றைய தொலைக்காட்சியின் அகலம் குறைந்த 4:3 அளவில் ரெண்டர் செய்யப்பட்டவை. பிறகு அகலத்திரைப் பதிப்பு வந்தபோது அந்தக் காட்சிகளின் மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. கூர்மையாக ஓடிக்கொண்டிருக்கும் காட்சி, கிராபிக்ஸ் சேர்ந்தவுடன் மங்கிப்போகும். கோப்புகளிலிருந்து மறுபடி ரெண்டர் செய்ய வழி இருக்கவில்லை. 2021இல் வந்த புதிய பதிப்பு திரும்பவும் 4:3க்கே போனது. ஆக, மங்கலான மாஸ்டர் வைத்திருந்த தொடர் மீண்டு வந்தது, எதிர்காலத்தை நினைத்துப் பிலிம் ஓட்டிய தொடர் பாதியில் நின்றது. வித்தியாசம் எந்தத் துண்டு மிஞ்சியது என்பதில்தான்.

அதற்காகக் கோப்பை வைத்திருந்தால் மட்டும் போதாது, அது திறக்க வேண்டும். எங்கள் குழுவில் அதிகம் மினக்கெட்டது இதில்தான். கிராபிக்ஸ் செய்யும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், திறந்த மூலம், பழைய கோப்புகளையும் திறக்கும். ஆனாலும் 2019இல் வந்த 2.80 பதிப்பில் பழைய உள் ரெண்டரரை எடுத்துவிட்டார்கள்; அதை நம்பிச் செய்த விண்கலம் இன்றைய பதிப்பில் வடிவத்தோடு வரும், பழைய தோற்றத்தோடு வராது. அதனால் ஒவ்வொரு புரொஜெக்டோடும் அதைச் செய்த பிளெண்டர் பதிப்பையே கோப்புறையில் போட்டு வைக்கிறோம். ரெண்டரை வீடியோவாக எழுதாமல் தனித்தனிப் படங்களாக எழுதுகிறோம், இடையில் கரண்ட் போனாலும் இழப்பது ஒரு பிரேம்தான்.

நம் ஊருக்கே உரிய ஒரு தலையிடி பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு. எங்கள் விண்கலத்தின் கட்டுப்பாட்டுத் திரைகளில் எல்லாம் தமிழ் எழுத்து. பதாகை, அழைப்பிதழ் செய்து பழகிய பெடியள் கை தானாகவே பாமினிக்குப் போகும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் "எரிபொருள் குறைவு" என்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து நிற்கும். எல்லாத் திரைகளையும் தமிழைத் தமிழாகவே பதியும் யூனிக்கோடில் அடிக்கச் சொன்னோம், எழுத்துருவையும் கூடவே வைத்தோம்.

அப்புறம் எங்கே வைப்பது? கிளவுட் வசதிதான், ஆனால் அது மாதா மாதம் டொலரில் வரும் பில். 2022இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 350ஐத் தாண்டியதைப் பார்த்த பிறகு, கட்டணம் நின்றால் அழிந்துபோகிற இடத்தை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. கணினித் தரவைப் பதிந்து வைக்கும் எல்.டி.ஓ. காந்த டேப் நீண்ட காலம் நிற்கும். ஆனால் அதன் டிரைவ் விலை எங்கள் சக்திக்கு மேலே, மேலும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறை டிரைவ்கள் தமக்கு முந்தைய ஒரு தலைமுறையை மட்டும்தான் வாசிக்கும். நாங்கள் டேப்பைத் தொட்டுப் பார்த்ததில்லை, பெரிய நிறுவனங்கள் அதை நம்புவதற்குக் காரணம் இருக்கத்தான் செய்யும். நாங்கள் ஹார்ட் டிஸ்க்கில் மூன்று பிரதி எடுக்கிறோம்: ஒன்று இங்கே, ஒன்று கொழும்பில், ஒன்று ரொறன்ரோவில் சித்தப்பா வீட்டில். ஒரே இடத்தில் வைப்பது என்னவென்று 1981இல் பொது நூலகத்தோடு ஓலைச்சுவடிகளையும் இழந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

டிஸ்க்கை அலுமாரியில் வைத்து மறந்தால் அதுவும் போய்விடும், அதுவும் எங்கள் உப்புக் காற்றில். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு சிறிது மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்துப் பட்டியலாக வைத்திருக்கிறோம். தைப்பொங்கல் விடுமுறையில் டிஸ்க்கைச் செருகிப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாத கோப்பை மற்றப் பிரதியிலிருந்து மாற்றுவது என்பது ஏற்பாடு. ரொறன்ரோ டிஸ்க்கை அங்கேயே சரிபார்க்க சித்தப்பாவின் மகளுக்குப் பட்டியலை அனுப்பியிருக்கிறோம்.