மருந்துக்கடையில் குழந்தைக்கு ஊசி: கலிஃபோர்னியா வழியா, நியூயார்க் வழியா?

அமெரிக்காவில் மருந்தாளுநர் குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா 2013-இல் இயற்றிய சட்டம் தாராளமானது: 3 வயது நிரம்பியிருந்தால், பயிற்சி பெற்ற மருந்தாளுநரே டாக்டர் சீட்டு இல்லாமல் வழக்கமான தடுப்பூசிகளைப் போடலாம். நியூயார்க் 2018-இல் 2 வயதிலிருந்தே அனுமதித்தது. ஆனால் ஃப்ளூ ஊசிக்கு மட்டும்.

கொரோனாவில் குழந்தைகளின் தடுப்பூசி தடைபட்டதும், 2020 ஆகஸ்டில் மத்திய அரசு நாடு முழுக்க 3 முதல் 18 வயது வரை அனுமதி தந்தது. குழந்தை மருத்துவர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஊசிக்கென்று போகும்போதுதான் டாக்டர் எடை, உயரம், பார்வை, பேச்சு எல்லாவற்றையும் பார்க்கிறார். கடையில் அது நடக்காது.

ஆனாலும் என் ஓட்டு கலிஃபோர்னியாவுக்கே. வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வரும் தாய்க்குத் திறந்திருப்பது மருந்துக்கடைதான். ஒரு பெரிய குறை மட்டும் உறுத்துகிறது: ஏழைக் குழந்தைகளுக்கு இலவச ஊசி தரும் மத்தியத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருந்துக்கடைகள் மிகக் குறைவு. வயது வரம்பைத் தளர்த்தும் மாநிலங்கள் முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.