மூன்று வருடமாக ஒரே டோன்

ஏசி/டிசி ராக் இசைக்குழுவின் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தில் (1980) ஆங்கஸ் யங் வாசித்த கிட்டார் சத்தம் (டோன்) என் ஆம்பிலும் (ஆம்ப்ளிஃபையர்) வர வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பைத்தியம் பிடித்தது. கையில் இருந்தவை ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட ஒரு எஸ்ஜி கிட்டார், 5 வாட் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்.

முதல் ஆறு மாதம் கெயினை (சத்தத்தைக் கரகரப்பாக்கும் குமிழ்) கூட்டிக்கொண்டே போனேன். தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். ஆல்பத்தை ஓடவிட்டுக் கூடவே வாசித்தால் மானம் போகும். அவர்கள் அடிக்கும் கார்டில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. என்னுடையது குளவிக் கூடு மாதிரி இரைகிறது.

அந்தக் காலத்து மார்ஷல் ஆம்ப்கள் பலவற்றில் மாஸ்டர் வால்யூம் (கரகரப்பைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) கிடையாது. டிஸ்டார்ஷன் (கரகரப்பு) வேண்டுமென்றால் வால்யூமை ஏற்றியே ஆக வேண்டும், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகளும் சேர்ந்து திணறும். அதனால் லேசாக அடித்தால் தெளிவு, ஓங்கி அடித்தால் உறுமல். ஆம்பின் முதல் கட்டமான ப்ரீஆம்பின் கெயினை மட்டும் கூட்டினால் இந்த வித்தியாசம் செத்துவிடும். சரி என்று கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கி, வால்யூமை ஏற்றி, ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சத்தத்தைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர் போட்டேன் (அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் இருக்கின்றன). பாஸைக் குறைத்து மிட்டை (நடுத்தர ஒலிகளை) கூட்டியதும் முக்கால்வாசி வந்துவிட்டது.

மீதிக்காக வாங்கியது ஷாஃபர்-வேகா மாதிரியில் செய்த பெடல். ஷாஃபர்-வேகா என்பது கென் ஷாஃபர் 1970களில் உருவாக்கிய, கிட்டார் சிக்னலை ஆம்புக்கு வயரில்லாமல் அனுப்பும் கருவி. சிக்னலை அமுக்கி அனுப்பி, மறுமுனையில் விரித்தெடுக்கும். ஆங்கஸ் அதை ஸ்டுடியோவிலும் பயன்படுத்தினார். பெடலை ஆன் செய்தால் நோட்டின் முன்பகுதி கொஞ்சம் துள்ளுகிறது, மிட் முன்னால் வருகிறது. நிச்சயம் வித்தியாசம் உண்டு, ஆனால் கொடுத்த விலைக்கு அது சின்ன வித்தியாசம்தான். இரண்டாம் வருடம் பெடலின் அவுட்புட் ஜாக் ஆடிப்போய் நானே ஈயப்பற்று வைத்தேன்.

காசில்லாமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் வேறு. அந்த ஆல்பத்தில் கேட்பது இரண்டு கிட்டார்கள். ஆங்கஸின் அண்ணன் மால்கம், தடித்த கம்பி போட்ட கிரெட்ச் கிட்டாரில் இன்னும் குறைந்த டிஸ்டார்ஷனோடு ரிதம் வாசிக்கிறார். நானும் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு) இரண்டு முறை பதிந்தேன். ஒன்று கிட்டத்தட்ட கிளீன். இடப்பக்கம் அது, வலப்பக்கம் மற்றது. அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தேன்.

பெடல் இப்போது பாதி நாள் ஆஃபில் கிடக்கிறது. விற்கலாமா என்று இரண்டு தடவை யோசித்தாயிற்று. சோலோ வந்தால் மட்டும் கால் தானாகப் போய் மிதிக்கிறது, அதனால் விற்கவில்லை.